வலமாகப் போகும் கப்பல்

என் வீட்டுக்காரர் உத்திரமேரூரில் ஒரு பேங்க்கில் கிளார்க். பேங்க்கில் வேலை செய்கிறவர்களுக்குச் சில வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு ஊர் சுற்றிவர டிக்கெட் செலவைக் கொடுப்பார்கள். எல்.எப்.சி. என்று அதற்குப் பெயர். எடுக்காமல் விட்டால் காலாவதியாகிவிடும். காலாவதி என்ற வார்த்தையைக் கேட்டால் பேங்க்காரர்களுக்குத் தூக்கம் வராது. அதனால் ஊர் சுற்றுவதில் கொஞ்சமும் பிரியமில்லாதவர்கள்கூட மூட்டை கட்டிக்கொண்டு காசி, டெல்லி, ஆக்ரா என்று போய், வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, தாஜ்மகாலுக்கு முன்னால் முறைத்தபடி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள்.

எண்பதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம், காஞ்சிபுரத்திலிருந்து ஒரு டிராவல்ஸ் ஏஜெண்ட் அந்த பேங்க்குக்கு வந்தார். காசி, ஆக்ராவெல்லாம் எல்லாரும் பார்த்தாகிவிட்டது, இனிமேல் கப்பல்தான் சார் என்று சொல்லி இரண்டு நோட்டீஸ்களைக் கொடுத்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் போனார். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குச் சின்னக் கப்பல். ராத்திரி கப்பலில் தூக்கம், பகலில் தீவு. கல்பேனி, கவரத்தி, மினிக்காய் என்று மூன்று தீவுகள். ஒரு கப்பல் பொங்கல் முடிந்த கையோடு கிளம்பும். இன்னொன்று தை மாசக் கடைசியில். முதல் கப்பல் கல்பேனியில் ஆரம்பித்து மினிக்காயில் முடிக்கும். அடுத்தது மினிக்காயில் ஆரம்பித்துக் கல்பேனியில் முடிக்கும். மற்றபடி அதே கப்பல், அதே தீவு, அதே சாப்பாடு, இரண்டு நோட்டீஸிலும் அதே தென்னை மரத்தின் படம்.

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். ஆனால் ஒரே மாதிரி இரண்டு பொருளை அவர் முன்னால் வைக்கக் கூடாது. பிரஷர் குக்கர் வாங்கப் போய், இரண்டு குக்கரையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்து, கடைக்காரர் வெறுத்துப்போய்க் கடையைச் சாத்தும் நேரம் ஆகிவிட்டது என்று சொன்னதும் ஒன்றும் வாங்காமல் திரும்பியவர். அப்படிப்பட்டவர் கையில் இரண்டு கப்பல் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? நோட்டீஸ் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக விரலால் தடவிப் படித்தார். ஒன்றில் 'காலை காபி அல்லது டீ' என்று இருந்தது. இன்னொன்றில் 'காலை டீ அல்லது காபி' என்று இருந்தது. இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்றார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

இதில் இன்னும் இரண்டு குடும்பம் சேர்ந்துகொண்டது. ஒன்று, பேங்க்கின் ஹெட் கேஷியரும் அவர் சம்சாரமும். கேஷியர் ஒரே நோட்டுக்கட்டை மூன்று தடவை எண்ணிவிட்டு, நாலாம் தடவை எண்ணாமல் விட்டோமே என்று வருத்தப்படுகிறவர். இன்னொன்று என் நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு அக்கா. அடுத்த தெருவில் இருந்தார். அவர் வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருந்தார். அவர்களுக்கு எல்.எப்.சி. கிடையாது, சொந்தக் காசில்தான் வரவேண்டும். ஆனாலும், "தம்பி கடல்ல போறான், நான் இங்க குந்திக்கினு இன்னா பண்றது?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

பெரியவர்கள் கூடிப் பேசி, பொங்கல் முடிந்த கையோடு கிளம்பும் கப்பல் என்று முடிவாயிற்று. கரும்பும் முறுக்கும் மிச்சம் இருக்கும், வழிக்கு ஆகும் என்பது நாத்தனாரின் கணக்கு. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் உண்மையைச் சொல்லியிருக்கமாட்டேன்.

நான் தென்னேரிக்காரி. எங்கள் ஊர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து ஓடும்போது கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியாது. நீச்சல் எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எருமைகளோடு இறங்கி எருமைகளோடு ஏறி, எப்போதோ எருமை இல்லாமலே மிதக்க ஆரம்பித்திருந்தேன். மதகு வரைக்கும் போய்த் தொட்டுவிட்டு வருவேன். வயசுக்கு வந்த அன்றோடு அதை நிறுத்தினார்கள். என் அண்ணன்கள் தொடர்ந்து நீந்தினார்கள். துணி துவைக்கிற சாக்கில் கரையில் நின்று அவர்களைப் பார்ப்பேன், அவர்கள் கையைக் காலை அடிக்கிற லட்சணத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் கோபமாக வரும்.

உத்திரமேரூரிலும் பெரிய ஏரி இருக்கிறது. ஆனால் நான் அங்கே மருமகள். பெண் பார்க்க வந்தபோது சமைக்கத் தெரியுமா, தையல் தெரியுமா, பாட்டு வருமா என்றெல்லாம் கேட்டார்கள். நீந்தத் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு தடவை பாலாற்றில் தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டு, பழையசீவரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா, கொஞ்ச நேரம் காலை நனைத்துவிட்டு வரலாமா என்று ஆசையாகக் கேட்டேன். நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணியில நின்னா அடிவயிறு குளுந்து பூடும். ஏற்கெனவே ரெண்டு வருசமா ஒண்ணியும் காணம்" என்றார். அதற்குப் பிறகு நான் எந்தத் தண்ணீரைப் பற்றியும் பேசவில்லை.

நோட்டீஸில் கல்பேனிக்குக் கீழே ஒரு வரி இருந்தது. பவளப்பாறை சூழ்ந்த, ஏரிபோல் அமைதியான கடலில் நீந்தி மகிழலாம். மினிக்காய்க்குக் கீழேயும் அதே வரிதான். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குக் கப்பல் ஒன்றும் பெரிசில்லை, தீவும் பெரிசில்லை. என்னைத் தெரிந்தவர்கள் யாருமே இல்லாத ஒரு தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் கூட வந்தால் சமாளித்துவிடுவேன். அவர் மத்தியானம் சாப்பிட்டதும் தூங்குகிறவர். அந்தத் தூக்கம் எனக்குப் போதும். நாத்தனார் வந்தால் நடக்காது. அவர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவர் இல்லை.

ஆக, அவர்கள் எல்லாரும் முதல் கப்பலில் போகட்டும், நாங்கள் இருவர் மட்டும் அடுத்த கப்பலில் போகவேண்டும். இதற்குக் காரணம் ஒன்று வேண்டும். அதை என் வீட்டுக்காரரே கண்டுபிடித்த மாதிரியும் இருக்கவேண்டும்.

நோட்டீஸின் பின்பக்கம் சின்னதாக ஒரு மேப் இருந்தது. கொச்சியிலிருந்து கிளம்பி, மூன்று தீவையும் தொட்டு, திரும்பக் கொச்சிக்கு வருகிற மாதிரி புள்ளி புள்ளியாகக் கோடு, கூடவே அம்புக்குறி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அதை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னாங்க, இந்தக் கப்பலு பீச்சாங்கைப் பக்கமா இல்ல சுத்திக்கினு வருது? சாமிய இப்பிடியா சுத்துவோம்?" என்றேன், கத்தரிக்காயைப் பார்த்தபடியே.

அவர் மேப்பைப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். எழுந்துபோய், பின்கட்டில் இருந்த ஆட்டுக்கல்லை நடுக்கடலாக வைத்துக்கொண்டு, நோட்டீஸைக் கையில் பிடித்தபடி அதைச் சுற்றி நடந்தார். ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். கேஷியர் மூன்று தடவை எண்ணியும் கண்ணில் படாத ஒன்று அவர் கண்ணில் பட்டுவிட்டது. முதல் கப்பல் இடமாகப் போகிறது. அடுத்த கப்பல் வலமாகப் போகிறது. உலகத்தில் ஒரே மாதிரி இரண்டு பொருளுக்கு நடுவில் இவ்வளவு சுத்தமான வித்தியாசம் அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை.

"நமக்குள்ள இருக்கட்டுங்க. மத்தவங்க மனசு கஷ்டப்படப்போவுது. நாம ரெண்டு பேரு மட்டும் அடுத்த கப்பல்ல போயிடலாம்" என்றேன்.

"அதெப்புடி?" என்றார். "தெரிஞ்சும் சொல்லாம வுட்டா பாவம் இல்லியா?"

அங்கேதான் நான் சறுக்கினேன். இரண்டு வருஷத்துக்கு மேல் அவரோடு குடும்பம் நடத்தியும், அவர் நல்ல மனுஷர் என்பதை அந்த நேரம் பார்த்து மறந்துபோனேன்.

திங்கட்கிழமை பேங்க்கில் நடந்ததை அவர் வந்து சொன்னார். கேஷியர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "சுத்தறதுன்னா நடுவுல சாமி இருக்கணும். இங்க நடுவுல இன்னா கீது? வெறும் தண்ணி" என்றாராம். கடலே சாமிதானே என்று இவர் சொன்னாராம். கவுண்டருக்கு முன்னால் நகைக்கடன் வாங்க வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கட்சி பிரிந்து பேசியிருக்கிறார்கள். அதில் ஒரு விவசாயி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொணத்ததான் சார் எடமா சுத்துவாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவ்வளவுதான். சாயங்காலம் கேஷியர் வீட்டுக்குப் போன இந்தச் செய்தி, அவர் சம்சாரத்தின் காதில் விழுந்த அடுத்த நிமிஷம் முதல் கப்பல் மூழ்கிப்போயிற்று. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதலில் சொன்னது நான்தான் என்று தம்பி சொல்லியிருந்தார்போல, வந்தவர் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் எனக்கு அப்படிச் செய்தது அன்றைக்குத்தான். "நல்ல வேள பாத்துச் சொன்ன. இல்லாங்காட்டி அல்லாரும் போயிச் சேர்ந்திருப்போம்" என்றார்.

நான் விடவில்லை. முதல் கப்பல் போகும்போது கடல் இன்னும் அமைதியாக இருக்குமாம் என்றேன். தை கடைசியில் அறுவடை வேலை இருக்குமே, உரக்கடையில் பாக்கி வசூலிக்கிற நேரமாச்சே என்றேன். எதுவும் எடுபடவில்லை. என் வாயிலிருந்து ஒரு நல்ல யோசனைதான் வரலாம் என்று அந்த வீட்டில் ஒரு கணக்கு இருந்தது, அது வந்தாகிவிட்டது. ஏஜெண்ட் பஸ் பிடித்து ஓடிவந்து, "ரெண்டும் ஒண்ணுதான் சார், ஒரே கப்பல் சார்" என்று மன்றாடினார். பிறகு டிக்கெட்டுகளை மாற்றிக் கொடுத்தார். அடுத்த மாசம் அவர் அச்சடித்த புது நோட்டீஸைப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில், வலமாகப் போகும் கப்பல் என்று போட்டிருந்தார்.

இப்படியாக ஆறு பேரும் ஒரே கப்பலில் போவதற்காக மெட்ராஸில் ரயிலேறிக் கொச்சியில் இறங்கினோம். நாத்தனார் கையில் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி. கேஷியர் கையில் நோட்டீஸ். எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. ரயில் ஜன்னலில் பாரதப்புழை ஆறு வந்தபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கப்பல் கிளம்பிக் கரை மறைகிற நேரத்தில் ஒலிபெருக்கியில் என்னமோ சொன்னார்கள். மலையாளத்தில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. கேஷியர் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு முகம் வெளுத்துப்போய் எங்களிடம் வந்தார். மினிக்காய்ப் பக்கம் அலை அதிகமாக இருக்கிறதாம், படகில் ஆள் இறக்க முடியாதாம். அதனால் முதலில் கல்பேனி, அப்புறம் கவரத்தி, கடைசியாக மினிக்காய். அதாவது, நாங்கள் பிணத்துக்குத்தான் ஆகும் என்று தள்ளிவிட்டு வந்த அதே வழி.

கேஷியர் நோட்டீஸைப் புரட்டி, மூலையில் எறும்பு அளவு எழுத்தில், வானிலைக்கேற்ப மாறுதலுக்குட்பட்டது என்று இருந்ததைக் கண்டுபிடித்தார். அதை அதுவரை படிக்காமல் விட்டதில்தான் அவருக்குப் பெரிய துக்கம். அவர் சம்சாரம் அழவே ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரர் கேப்டனிடம் போய்ப் பேசலாமா என்று கேட்டார். என்னவென்று பேசுவார் என்று நினைத்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கடைசியில் நாத்தனார்தான் வழி கண்டுபிடித்தார். "சாமி நம்ம சோத்துக்கைப் பக்கம் இருந்தா வலம்தான? கப்பலு எப்பிடியோ போவட்டும். நாம பின்னாடி பாத்துக்கினு குந்திக்குவோம். நடுக்கடலு நமக்கு சோத்துக்கைப் பக்கம் வந்துடும்."

கேஷியர் வலது கையை நீட்டி, இடது கையை நீட்டி, திரும்பி நின்று சரிபார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆறு பேரும் மேல்தட்டில் கப்பலின் வாலைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்தோம். மற்றப் பயணிகள் காற்று வருகிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள். நாங்கள் வந்த வழியையே பார்த்துக்கொண்டு, வலமாகப் போனோம். கொஞ்ச நேரத்தில் கேஷியர் சம்சாரம் வாந்தி எடுத்தார். பிறகு கேஷியர். பிறகு உரக்கடைக்காரர். நாத்தனார் ஊறுகாயை நாக்கில் வைத்துக்கொண்டு வைராக்கியமாக இருந்தார், கடைசியில் அவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். என் வீட்டுக்காரர் என் மடியில் தலைவைத்துப் படுத்துவிட்டார். எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் கல்பேனி. கப்பல் தள்ளி நின்றது, படகில் ஏற்றிப் போய்க் கரையில் விட்டார்கள். ஆளுக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். எங்கள் கூட்டம் அதைக் குடித்ததும் தென்னை மரத்தடியில் விரித்திருந்த பாயில் சாய்ந்தது. சாய்ந்ததுதான், நாத்தனார் உட்பட எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனார்கள். எனக்குத் தெரிந்து நாத்தனார் கண்ணை மூடித் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் அவர் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

தண்ணீர் பச்சையா நீலமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடியில் கிடக்கிற மணல் தெரிந்தது. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் வரை வந்ததும் திரும்பிப் பார்த்தேன். இடுப்பு வரை வந்ததும் திரும்பிப் பார்த்தேன். அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை.

உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிக் கொடுக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஏரியில் நாம்தான் மிதக்கவேண்டும், இங்கே தண்ணீரே மிதக்க வைத்தது. கைகளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. புடவை காலைச் சுற்றியது, அதையும் சமாளித்துக்கொண்டு போனேன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக உடம்பில் எங்கேயோ கட்டி வைத்திருந்தது அவிழ்ந்த மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. கடலில் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நன்றாகவே அழுதேன்.

அப்போதுதான் கூச்சல் கேட்டது. திரும்பினால் கரை தூரத்தில் இருந்தது. நாத்தனார் மார்பில் அடித்துக்கொண்டு, "ஐயோ பூட்டாளே, தண்ணி இஸ்துக்கினு பூட்டுதே" என்று கத்திக்கொண்டிருந்தார். கேஷியர் நோட்டீஸை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் தண்ணீருக்குள் வந்துகொண்டிருந்தார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. கிணற்றில் எட்டிப் பார்க்கவே பயப்படுகிறவர். கண்ணாடி, கைக்கடிகாரம், முழுக்கால் சட்டை எல்லாவற்றோடும், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார். தண்ணீர் மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, அவர் நிற்கவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அடுத்த அடியில் அவர் தலை காணாமல் போய்விட்டது.

அந்த மாதிரி பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. நீந்தினேன் என்று சொல்லமாட்டேன், எப்படி வந்தேன் என்றே தெரியாது. சட்டைக் காலர் கையில் சிக்கியது. அவர் என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையும் அமுக்கினார். ஏரியில் எருமைக்கன்றை இழுப்பது எனக்குப் பழக்கம், தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். கால் எட்டுகிற இடம் வந்ததும் நிறுத்தினேன். அவர் இருமிக்கொண்டே எழுந்து நின்றார். நின்றதும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கரையைப் பார்த்து, "புடிச்சிட்டேன், புடிச்சிட்டேன்" என்று கத்தினார்.

அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். கரை ஏறியதும் நாத்தனார் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு என்னை ஓர் அறை விட்டார். "எங்க தம்பி மட்டும் இல்லாங்காட்டி இன்னேரம் மீனுக்கு எரையாயிருப்ப" என்றார். கேஷியர் மற்றப் பயணிகளுக்கெல்லாம் விஷயத்தைச் சொன்னார். சாயங்காலம் கப்பலில் ஏறுவதற்குள் என் வீட்டுக்காரர் பாய்ந்து குதித்து நீந்திப் போய் என்னை மீட்டு வந்திருந்தார். அவர் மறுத்துப் பேசவில்லை. நான் சிவந்த கன்னத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

எனக்குத் தண்ணீரில் கண்டம் இருக்கிறது என்று நாத்தனார் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். கவரத்தியில் என் முந்தானையைத் தன் முந்தானையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிழலில் உட்கார வைத்தார். நான் கடலைப் பார்த்தால்கூட முடிச்சை இழுத்தார்.

மினிக்காய்க்குப் போய்ச் சேருகிற அன்று, விடிந்ததும் மேல்தட்டில் என் வீட்டுக்காரரும் நானும் மட்டும் இருந்தோம். மற்றவர்கள் கீழே படுத்துக்கிடந்தார்கள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எங்க கத்துக்கின?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏரியில" என்றேன்.

"சொல்லவே இல்லியே."

"யாரும் கேக்கலியே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். கடைசியில், "அக்காவுக்குத் தெரிஞ்சா பேஜாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உயிரோடு இழுத்து வந்தேனே, அதற்கு இவர் வாயிலிருந்து வருகிற வார்த்தை இதுதானா என்று நினைத்து எழுந்து போய்விட்டேன்.

மினிக்காயில் உயரமாக, வெள்ளையாக ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. மேலே ஏறினால் தீவு முழுக்கத் தெரியும் என்று கூட்டிப்போனவர் சொன்னார். அதுவரை எந்த முடிவையும் சட்டென்று எடுத்து நான் பார்த்திராத என் வீட்டுக்காரர், "அல்லாரும் ஏறறோம்" என்றார். வாந்தி எடுத்துக் களைத்துப்போயிருந்த கேஷியரைக் கையைப் பிடித்து எழுப்பினார். உரக்கடைக்காரர் முழங்கால் வலி என்றார், அதற்கும் ஒரு சமாதானம் சொன்னார். நாத்தனார் அன்றைக்கும் என் முந்தானையில் போட்டிருந்த முடிச்சைப் பார்த்தார்.

"அவள எதுக்கு இட்டுக்கினு? அவ்ளோ படி ஏறி, தலை சுத்தி மேலேர்ந்து வுழுந்தா? இங்கியே நெழல்ல கெடக்கட்டும். தண்ணிகிட்ட போவமாட்டா. போவமாட்ட இல்ல?" என்று என்னைப் பார்த்து அதட்டினார்.

"போவமாட்டேன்" என்றேன்.

நாத்தனாருக்கு மனசில்லை. ஆனால் அவ்வளவு தூரம் வந்து மேலே ஏறிப் பார்க்காமல் ஊருக்குப் போய் என்னத்தைச் சொல்வது? முடிச்சை அவிழ்த்தார். போகும்போது என் வீட்டுக்காரர் தோளில் மாட்டியிருந்த துணிப்பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். தண்ணீர் பாட்டில் இருக்கும் என்று திறந்து பார்த்தேன். என்னுடைய மாற்றுப் புடவை ஒன்றும் ஒரு துண்டும் மடித்து வைத்திருந்தது. நான் வைக்கவில்லை.

அவர்கள் கலங்கரை விளக்கத்துக்குள் நுழைகிற வரைக்கும் பொறுத்தேன். அப்புறம் இறங்கினேன். அன்றைக்கு அழுகையெல்லாம் வரவில்லை. நன்றாக, நிதானமாக, கையை வீசி நீந்தினேன். முக்குளித்து மணலை அள்ளினேன். ஒரு தடவை மல்லாந்து மிதந்தபோது மேலே கம்பிக்குப் பின்னால் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு கணம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். பிறகு, இந்த உயரத்திலிருந்து முகமா தெரியப்போகிறது, பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர்கள் கண்ணெதிரே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்விட்டு வந்தேன்.

அவர்கள் இறங்கி வந்தபோது நான் அதே மரத்தடியில், வேறு புடவையில் உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் மூச்சு வாங்கிக்கொண்டே என் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"தலை இன்னா ஈரம்?"

"வெயிலுக்குக் கெணத்துல குளிச்சிருப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

நாத்தனார் அதை விட்டுவிட்டார். அவருக்குச் சொல்ல வேறு விஷயம் இருந்தது. பாயில் உட்கார்ந்து, காலை நீட்டி, கடலைக் காட்டினார்.

"மேலேர்ந்து பாத்தோம். தீவுக்காரி ஒருத்தி இன்னா போடு போடறா தண்ணியில! மல்லாக்க படுத்துக்கினு, உள்ள முழுவி எழுந்துக்கினு, இந்தாண்டேர்ந்து அந்தாண்ட. ஒரு பயம் கீதா, ஒண்ணு கீதா? கண்ணு எடுக்க முடியல போ. பொம்பளன்னா அப்பிடி இருக்கணும். நீயும்தான் கீற."

கேஷியர் சம்சாரம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பாக்கக் குடுத்து வெக்கல அண்ணி" என்றேன்.